வீட்டு நெட்வொர்க்குக்கு எந்த ஐபி வரிசை: 192.168-ஆ, 172-ஆ, 10-ஆ?

புது ரூட்டரை மாட்டியதும் அது தானாகவே வீட்டுக்கு ஓர் எண் வரிசையை, அதாவது சாதனங்களின் ஐபி முகவரிகளுக்கான தொடக்க எண்களை, போட்டுவிடும். 192.168.0, 192.168.1, ஜியோ ஃபைபர் பெட்டியாக இருந்தால் 192.168.29. பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை. ஃபோனும் டிவியும் லேப்டாப்பும் மட்டும் இருக்கிற வீட்டில் தொட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் ஒரு நாஸ் பெட்டியோ நாலு கேமராவோ வந்து, வெளியூரிலிருந்து விபிஎன் (இன்டர்நெட் வழியே வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக அவற்றைப் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டால் கதை மாறிவிடும். அப்பா அம்மா வீட்டையும் நம் வீட்டையும் இணைத்துவிடலாம் என்று தோன்றும்போதும் அப்படித்தான். அதுவரை யாரும் கவனிக்காத அந்த மூன்று எண்கள் அப்போது குறுக்கே வந்து நிற்கும். சாதனங்கள் குறைவாக இருக்கும்போதே யோசித்து ஒரு வரிசையைத் தேர்ந்துவிட்டால் பிறகு நிம்மதி.

வீட்டுக்குள் பயன்படுத்த மூன்று வரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இன்டர்நெட் நடைமுறை ஆவணம் அவற்றை இப்படி வரையறுத்தது. 10-இல் தொடங்கும் எல்லாமே ஒரு வரிசை. அதில் 1,67,77,216 முகவரிகள். 172.16 முதல் 172.31 வரை இரண்டாவது, 10,48,576 முகவரிகள். 192.168-இல் தொடங்குபவை மூன்றாவது, 65,536 முகவரிகள். பல ஒப்பீடுகள் இந்த எண்ணிக்கையைச் சொல்லி, பெரிய நிறுவனத்துக்கு 10, வீட்டுக்கு 192.168 என்று முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த வரிசையிலிருந்து எடுத்தாலும் வீட்டுக்கு நாம் வெட்டி எடுக்கப்போவது ஒரே ஒரு சிறிய துண்டு. முகவரியில் எது நெட்வொர்க்கின் பகுதி, எது சாதனத்தின் பகுதி என்று பிரிக்கும் மாஸ்க் 255.255.255.0, அதாவது /24: முதல் 24 பிட், அதாவது முதல் மூன்று எண்கள், வீடு முழுவதற்கும் பொது. அதிலேயே 254 சாதனங்களுக்கு இடம் இருக்கிறது. ஒவ்வொரு பல்புக்கும் வைஃபை கொடுக்கிற வீட்டுக்குக்கூட அது போதும்.

ஆகவே அளவைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நாம் என்றைக்காவது போய் இணையக்கூடிய வேறொரு நெட்வொர்க்கோடு நம் எண் மோதுமா, மோதாதா?

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காந்தி தெரு இருக்கும். ஊருக்குள் இருக்கும்வரை அதில் குழப்பமே இல்லை. இரண்டு ஊர்களை ஒரே ஊராகச் சேர்த்தால்தான் தபால்காரர் திணறுவார். 192.168.1 என்பது அப்படியொரு காந்தி தெரு. வீடு தனியாக இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. விபிஎன் போடும்போதுதான் இரண்டு ஊர்கள் சேர்கின்றன.

மோதல் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடலாம். மற்ற எல்லாமே இதைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. உங்கள் வீடு 192.168.1, நாஸின் முகவரி 192.168.1.10. நீங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். அவர்கள் வைஃபையும் 192.168.1-தான், உங்கள் லேப்டாப்புக்கு 192.168.1.23 கிடைக்கிறது. விபிஎன்னை ஆன் செய்கிறீர்கள், இணைந்துவிட்டது என்று காட்டுகிறது. நாஸின் முகவரியைத் தட்டுகிறீர்கள். எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் தன் ரூட்டிங் பட்டியலை லேப்டாப் பார்க்கிறது. 192.168.1-க்கு அங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நேராக இந்த வைஃபையிலேயே. இன்னொன்று, விபிஎன் சுரங்கம் வழியாக. இரண்டும் ஒரே /24; சாய்கோட்டுக்குப் பின் உள்ள எண்தான் வழியின் நீளம் என்பதால் இரண்டும் சம நீளம். எது வெல்லும் என்பதை லேப்டாப்பின் இயக்குதளமும் விபிஎன் மென்பொருளும் முடிவு செய்கின்றன.

வைஃபை வென்றால், லேப்டாப் அந்த வீட்டுக்குள்ளேயே ‘192.168.1.10 யார்?’ என்று கூவிக் கேட்கும். யாரும் பதில் சொல்லாவிட்டால் பக்கம் திறக்காது. அவர்கள் வீட்டு டிவிக்கு அந்த எண் இருந்தால் டிவி பதில் சொல்லும். விபிஎன் வென்றால் சிக்கல் வேறு மாதிரி. உங்கள் நாஸ் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டில் நீங்கள் பிரிண்ட் எடுக்க நினைத்த பிரிண்டர் காணாமல் போகும். இரண்டிலும் விபிஎன் ‘இணைந்துள்ளது’ என்றே காட்டிக்கொண்டிருப்பதால், விவரம் தெரியாதவர்கள் பாஸ்வேர்டையும் ஃபயர்வாலையும் மணிக்கணக்கில் குடைவார்கள். அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: விபிஎன் அமைப்பில் நாஸின் ஒரே முகவரிக்கு மட்டும் /32 என்று தனி வழி போடலாம். நீளமான வழிக்கே முன்னுரிமை என்பதால் அது வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு சாதனத்துக்கும் இப்படி ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

சரி, இனி தேர்வுகளைப் பார்க்கலாம்.

ரூட்டர் கொடுத்ததை அப்படியே விடுவது முதல் வழி. இதில் நல்லது என்னவென்றால், ரூட்டரை ரீசெட் செய்தாலும் எல்லாம் பழையபடி இருக்கும், கம்பெனியின் உதவி எண்ணில் பேசுகிறவர் சொல்லும் முகவரியும் நம் முகவரியும் ஒன்றாக இருக்கும். வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் எண்ணமே இல்லாதவர்களுக்கு இதுவே சரி. அவர்கள் மேலே படிக்கக்கூட வேண்டியதில்லை. ஆனால் சேவை நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் சொந்தமாக இன்னொரு ரூட்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் இதிலேயே அடிபடுவார்கள். பெட்டியும் 192.168.1.1, ரூட்டரும் 192.168.1.1 என்றால், ரூட்டருக்கு வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே எண் வரிசையாகிவிடும். சில ரூட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமாகவே எண்ணை மாற்றிக்கொள்கின்றன. மாற்றாதவற்றில் வைஃபை இருக்கும், இன்டர்நெட் இருக்காது. ஃபைபர் பெட்டியை, அது ரூட்டராக வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் கிடையாது; ஆனால் எல்லா நிறுவனங்களும் அதைச் செய்து தருவதில்லை.

இரண்டாவது வழி, 192.168-இலேயே இருந்துகொண்டு மூன்றாவது எண்ணை மட்டும் மாற்றுவது. எளிமைக்கு இதுதான் முதல் இடம். ரூட்டர் பக்கத்தில் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணைத் திருத்தினால் போதும். பார்த்தவுடனே ‘இது வீட்டு நெட்வொர்க்’ என்று எல்லோருக்கும் புரியும் என்பதும் ஒரு வசதிதான். ஆனால் மூன்றாவது எண்ணாக எதை எடுப்பது? 0, 1, 2, 10, 100 ஆகியவற்றை எல்லோரும் எடுப்பார்கள். 31 ஷியோமி ரூட்டர்களுடையது, 50 புதிய ஆசுஸ் ரூட்டர்களுடையது, 88 மைக்ரோடிக் ரூட்டர்களுடையது, 100 ஹுவாவே ஃபைபர் பெட்டிகள் பலவற்றிலும் உண்டு. பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்களின் ஹாட்ஸ்பாட் 43. விண்டோஸ் தன் இணைப்பைப் பகிரும்போது 137. கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் 56-ஐயும், லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு லிப்விர்ட் 122-ஐயும் பிடித்துக்கொள்ளும். இவ்வளவையும் கழித்தாலும் இருநூறுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. 192.168.173, 192.168.214 போல, யாரும் நினைத்துப் போட மாட்டார்கள் என்கிற ஓர் எண்ணை எடுத்தால் போதுமானது.

மூன்றாவது, 172.16 முதல் 172.31 வரை. ‘யாரும் பயன்படுத்தாத வரிசை, ஆகவே பாதுகாப்பு’ என்று இதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. வீட்டு ரூட்டர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் இந்த வரிசையில் மென்பொருள்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. மென்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் டாக்கர் தன் முதல் நெட்வொர்க்குக்கு 172.17-ஐ எடுக்கும், புதிய ப்ராஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் 172.18, 172.19 என்று ஏறிக்கொண்டே போகும். தான் ஓடும் கணினியின் நெட்வொர்க்கைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ள அது முயலும், அது சரி. ஆனால் நாளைக்கு விபிஎன் வழியாக வரப்போகிற இன்னொரு வீட்டின் எண்ணை இன்றைக்கே அதற்கு எப்படித் தெரியும்? ஐஃபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 தரும். ரயிலில் உட்கார்ந்து ஃபோன் வழியாக வீட்டு நாஸைப் பார்க்கும்போது இதுவே மோதல் ஆகலாம். அமேசானின் கிளவுடில் தானாக உருவாகும் நெட்வொர்க் 172.31.

எல்லை தவறும் ஆபத்தும் இதில்தான் அதிகம். 172-இல் தொடங்குவதெல்லாம் வீட்டுக்கு உரியவை என்று நினைத்து 172.40 என்று போட்டுவிட்டால், அது உலகில் வேறொருவருக்குச் சொந்தமான பொது முகவரி. அந்த முகவரியில் இருக்கும் இணையதளம் எதுவும் உங்கள் வீட்டில் திறக்காது. டாக்கரும் கிளவுடும் இல்லாத வீட்டில் 172.27 போன்ற ஒன்று தாராளமாக ஓடும். ஆனால் இவ்வளவு கணக்குப் பார்த்து இதை எடுக்க ஒரு காரணம் வேண்டுமே, அது எனக்குத் தெரியவில்லை.

நான்காவது, 10. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 10 என்பது இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டின் எண். ஆர்பாநெட் 1990-இல் மூடப்பட்ட பின் அந்த எண் சும்மா கிடந்தது. 1994-இல் அதை எல்லோருக்கும் பொதுவான உள்முகவரியாக அறிவித்தபோது எதிர்ப்பும் எழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் வெளியான ஆர்எஃப்சி 1627, ஒரே எண்ணைப் பலர் பயன்படுத்தினால் முகவரியின் தனித்தன்மையே போய்விடும், பின்னால் இரண்டு நெட்வொர்க்குகள் இணையும்போது எண்களை மாற்ற நேரும் என்று வாதிட்டது. விபிஎன் போட்டு இரண்டு வீடுகளை இணைக்கிறவர் இன்று சந்திப்பது அதே சிக்கலைத்தான். அந்த எதிர்ப்பை மீறி 1996-இல் ஆர்எஃப்சி 1918 நிலைத்தது. அதுவும் ஓர் ஆலோசனையைச் சேர்த்தே சொன்னது: உள்முகவரித் துண்டுகளைக் குத்துமதிப்பாக, குலுக்கல் போல எடுங்கள், மோதும் வாய்ப்பு குறையும். இந்த ஒரு வரியை ரூட்டர் தயாரிப்பாளர்கள் எல்லோரும் கடைப்பிடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

10-இன் பெரிய பலம் குலுக்கலுக்கு அது தரும் இடம்தான். இரண்டாவது எண், மூன்றாவது எண் இரண்டையும் நாமே தேர்வதால் 65,536 துண்டுகள் இருக்கின்றன, 192.168-இல் 256 மட்டுமே. ஆனால் அந்தச் சுதந்திரத்தை 10.0.0, 10.0.1, 10.1.1, 10.10.10 என்று வீணாக்கிவிடக் கூடாது. அவையும் 192.168.1 போலவே கூட்டம் நிறைந்த இடங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் 10.0.2-இல் இருக்கிறது. ஓபன்விபிஎன் வழிகாட்டிகள் பெரும்பாலும் 10.8.0 சொல்லும். அப்படிப் பிரித்து ஓடும் மென்பொருள்களைப் பல கணினிகளில் நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் ஓட்டுகிறவர்கள் 10.42, 10.43, 10.96, 10.244 பக்கம் போகாமல் இருப்பது நல்லது. இரண்டாவது எண்ணுக்கு 50 முதல் 90 வரையிலோ 120 முதல் 240 வரையிலோ கண்ணை மூடி ஒன்றை எடுங்கள்.

10-இன் பலவீனம் அலுவலகம். பெரிய நிறுவனங்கள் பல உள்ளே 10-ஐத்தான் வைத்திருக்கின்றன. அவற்றின் விபிஎன், ‘10-இல் தொடங்குவது எல்லாம் என் வழியாக வரட்டும்’ என்று மொத்தமாகச் சொல்லிவிடும். உங்கள் வீடு 10.73.10 என்றால் பொதுவாக வீட்டு பிரிண்டர் தப்பிக்கும். ‘10-இல் தொடங்குவது எல்லாம்’ என்பது /8; அதைவிட /24 நீளமான வழி என்பதால் வீட்டு முகவரிகளுக்கு வீட்டு வழியே வெல்லும். ஆனால் அலுவலகத்தில் தற்செயலாக அதே 10.73.10-இல் ஒரு சர்வர் இருந்தால், அந்த சர்வர் மட்டும் உங்களுக்குக் கிடைக்காது. வீட்டிலிருந்தே வேலை செய்கிற ஒருவருக்கு இது சின்ன ஆபத்து அல்ல. நெட்வொர்க் பிரிவில் இருப்பவர்களாலும் இதை எளிதில் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கும். முடிந்தால் அலுவலக விபிஎன்னை இணைத்துவிட்டு ரூட்டிங் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது எந்தெந்த வரிசைகளை எடுத்துக்கொள்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

192.168, 172.16 முதல் 172.31 வரை, 10 என்ற இந்த மூன்று வரிசைகளுக்கும் வெளியே போகவே கூடாது. 100.64 முதல் 100.127 வரை உள்ள வரிசை, தனி முகவரி மாதிரித் தெரியும். ஆனால் 2012-இல் அது சேவை நிறுவனங்கள் தங்களுக்கும் வாடிக்கையாளர் ரூட்டருக்கும் நடுவே வைத்துக்கொள்ள ஒதுக்கப்பட்டது. உங்கள் ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.72 என்பது போல ஏதாவது இருந்தால் நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து நேராக வீட்டுக்குள் வர முடியாமல் போவதற்கும் அதுவே காரணம். டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை தன் சாதனங்களுக்கு எண் கொடுப்பதும் இதே வரிசையில்தான். வேறு யாருடைய பொது முகவரியையோ ‘யார் கேட்கப் போகிறார்கள்’ என்று வீட்டுக்குள் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. பல கருவிகள் 1.1.1.1-ஐ அப்படித்தான் தங்கள் உள்வேலைக்கு வைத்திருந்தன. 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃபிளேர் அதே முகவரியில், தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையைத் தொடங்கியபோது, அந்தக் கருவிகளுக்குப் பின்னால் இருந்தவர்களால் அதைத் தொடவே முடியவில்லை.

வரிசையைத் தேர்ந்த பின் மாஸ்க்கில் தவறு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 10-ஐ எடுத்தால் 255.0.0.0 போட வேண்டும் என்பது முதல் எண்ணை வைத்தே நெட்வொர்க்கின் அளவை முடிவு செய்த பழைய கிளாஸ் ஏ, பி, சி காலத்துப் பழக்கம். விண்டோஸில் 10-இல் தொடங்கும் முகவரியைக் கையால் போடும்போது மாஸ்க் கட்டத்தில் 255.0.0.0 என்று தானாகவே நிரம்பும். அப்படியே விட்டால் அந்தக் கணினி, 10-இல் தொடங்கும் உலகம் முழுவதும் தன் வைஃபையிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இரண்டாவது வீடோ அலுவலகமோ அதற்கு எட்டாது. எந்த வரிசையாக இருந்தாலும் வீட்டுக்கு 255.255.255.0. பெரிதாகப் பிடித்தால் மோதுவதற்கான பரப்பும் பெரிதாகும்.

என் தேர்வைக் கேட்டால், அது வீட்டின் நிலையைப் பொறுத்து இரண்டாகப் பிரியும். ஒரே வீடு, அலுவலக விபிஎன் தினமும் ஓடுகிறது என்றால் 192.168-இல் கூட்டமில்லாத ஓர் எண். அலுவலகங்கள் 10-இலும் 172-இலும் இருப்பதுதான் வழக்கம் என்பதால் ஒதுங்கி நிற்பது புத்திசாலித்தனம். இரண்டு மூன்று வீடுகளை இணைக்கப் போகிறோம், அல்லது வீட்டுக்குள்ளேயே கேமராவுக்குத் தனி, விருந்தினருக்குத் தனி என்று பிரிக்கப் போகிறோம் என்றால் 10-தான். இதில் 10 தரும் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. குடும்பத்துக்கென்று இரண்டாவது எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது. 73 என்று வைத்துக்கொள்வோம். நம் வீடு 10.73.10, அம்மா வீடு 10.73.20, தங்கை வீடு 10.73.30. நம் வீட்டுக் கேமராக்கள் 10.73.11, விருந்தினர் வைஃபை 10.73.12. விபிஎன் சுரங்கத்துக்கே எண் வேண்டும் என்றால் 10.73.99. ஃபோனில் இருக்கும் வயர்கார்டு என்ற விபிஎன் ஆப்பில் 10.73.0.0/16 என்று ஒரே வரி எழுதினால் மொத்தக் குடும்பமும் அடங்கிவிடும். தங்கை வீட்டுப் பிரிண்டரில் பிரச்சினை என்றால், 10.73.30-ஐப் பார்த்தவுடனே எந்த வீடு என்று தெரிந்துவிடும். இந்த 73-ஐ மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் ஒரே எண்ணைப் பிடித்தால் குலுக்கலுக்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

புதிய, நீளமான முகவரி முறையான ஐபிவி6 வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அதில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் எஃப்டி வரிசை முகவரிகளை வகுத்தவர்கள், 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4193-இல், 40 பிட் நீளத்துக்குக் குலுக்கல் எண்ணைக் கட்டாயமாகவே வைத்துவிட்டார்கள். பழைய பாடத்தைக் கற்றுக்கொண்டு செய்த வேலை. ஆனால் மலிவான கேமராக்களும் பழைய பிரிண்டர்களும் இன்னும் இங்கே பேசிய பழைய முறையான ஐபிவி4-ஐ விட்டு நகரவில்லை என்பதால் இந்தத் தேர்வு இன்னும் சில காலம் நம்மோடு இருக்கும்.

அப்புறம், மாற்றும் வேலை. துண்டுக்குள் 1 ரூட்டருக்கு. 2 முதல் 49 வரை நிரந்தர எண் வேண்டிய நாஸ், பிரிண்டர், கேமராக்களுக்கு. 100 முதல் 199 வரை டிஎச்சிபி, அதாவது சாதனங்களுக்கு ரூட்டர் எண் வழங்கும் வசதி, தானாகக் கொடுப்பதற்கு. நிரந்தர எண்ணைச் சாதனத்துக்குள் போய்த் தட்டுவதைவிட ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் சாதனத்தின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரிக்கு எதிரே பதிவு செய்வது மேல். நாளைக்கு வரிசையை மாற்றினாலும் ஒரே இடத்தில் வேலை முடியும். சில ரூட்டர்கள் டிஎச்சிபி வரம்புக்குள் இருக்கும் எண்ணை மட்டுமே பதிவுக்கு ஏற்கும். அப்படியானால் வரம்பை 2-இலிருந்தே தொடங்கிவிடுங்கள். ஃபோன்களுக்கு இப்படிப் பதிவு செய்தால், அவை இந்த வைஃபைக்குக் காட்டும் மேக் முகவரியைப் பார்த்துப் போடுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் அவை பெட்டியில் அச்சிட்ட உண்மையான எண்ணைக் காட்டுவதில்லை.

ரூட்டரின் எண்ணை மாற்றிச் சேமித்ததும் உங்கள் பிரௌசர் பக்கம் அப்படியே தொங்கும். பயப்பட வேண்டாம், அந்த முகவரி இப்போது இல்லை, அவ்வளவுதான். வைஃபையை அணைத்துப் போட்டுவிட்டு புது முகவரியில் உள்ளே போங்கள். ஃபோன், டிவி எல்லாம் ஒருமுறை அணைத்துப் போட்டால் புது எண்ணை வாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே ஒரு சாதனத்துக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்ட் விதிகள், டிஎன்எஸ் அமைப்பு, கணினியில் பழைய எண்ணோடு சேர்த்து வைத்த பிரிண்டர் ஆகியவற்றை மட்டும் கையால் திருத்த வேண்டியிருக்கும். முன்பு யாரோ நிரந்தர எண்ணை உள்ளேயே தட்டிவிட்ட ஒரு கேமரா எங்காவது பழைய வரிசையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். லேப்டாப்பில் தற்காலிகமாகப் பழைய வரிசையில் ஓர் எண்ணைக் கையால் போட்டு, அந்தக் கேமராவுக்குள் நுழைந்து டிஎச்சிபிக்கு மாற்றிவிட்டு வெளியே வந்ததும், லேப்டாப்பையும் மறக்காமல் டிஎச்சிபிக்குத் திருப்பிவிடுங்கள்.